எவரைக் கேட்டனர்? எவரைக் கேட்கவில்லை?

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் நோக்கிச் செல்லும் சாலையிலே கூத்தாநல்லூர். வெண்ணாறு பாயும் வளநாடு. சுற்றிலும் நெல், ஊருக்குள்ளே மாடமாளிகைகள். அந்த மாடிகளை எழுப்பிய பணம் அலைகடலுக்கு அப்பாலிருந்து வந்த பணம். நாகைத் துறையிலே ரஜூலாக் கப்பல் ஏறி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடைவிரித்து, கண்விழித்து உழைத்த 'சபுராளி'களின் வியர்வை அது. மாளிகை வீதியைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தையும் தாண்டினால் வேறோர் உலகம். கூரைக் குடிசைகள், அவற்றிடையே அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். பிறர் வயலில் நாற்று நட்டுப் பிறர் களத்தில் கதிரடிக்கும் மக்கள்.

அந்த வேறோர் உலகத்திலிருந்துதான் நண்பர் ஒருவர், அண்மையில் ஒரு மாலை, நாம் வழக்கமாக ஏடு படிக்கும் படிப்பகத்திற்கு வந்தார். இராணுவத்தில் பதினேழு ஆண்டு பணிபுரிந்து திரும்பியவர். எல்லையிலே பனியில் நின்றவர். ஊர் திரும்பியதும் வங்கிக் காவலர் வேலை தேடினார். அந்த வேலைக்குத் தேவை, உரிமம் பெற்ற துப்பாக்கி. விண்ணப்பம் போட்டார். விடை வரவில்லை, வினாக்கள் வந்தன! ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அந்தத் தாளை நம்மிடம் நீட்டினார்.

துப்பாக்கி எதற்காகத் தேவை? உம்மீது வழக்கு ஏதும் உண்டா? முன்பு விண்ணப்பித்து மறுக்கப்பட்டதுண்டா? ஆயுதத்தை எங்கே வைப்பீர், வீட்டில் வேறு யார் உள்ளனர்? அடுக்கடுக்கான கேள்விகள். அவற்றுக்கெல்லாம் அவர் விடை எழுதிவிட்டார். கடைசி வினாவிலே பேனா நின்றுவிட்டது.

"அண்ணே, அசையும் சொத்து, அசையாச் சொத்து, அவற்றின் மதிப்பு என்னன்னு கேட்டிருக்கிறார்கள். அசையாச் சொத்து என்று நான் எதை எழுதுவது? அப்பா பண்ணையாள். எனக்கு இருப்பது தொகுப்பு வீடு ஒன்றுதான். அதை எழுதினால் மறுத்துவிடுவார்களோ?"

பதினேழாண்டுக் காலம் துப்பாக்கியை இவர் கையிலே கொடுத்தவர்கள் இவருடைய சொத்துக் கணக்கைக் கேட்டதில்லை. நாட்டைக் காக்கச் சொத்து வேண்டியதில்லை. வங்கிவாயிலைக் காக்கச் சொத்து வேண்டுமாம்! அந்தத் தாள் நம்மைச் சிந்திக்க வைத்தது. அரசு கேட்கும் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. எவரைக் கேட்டனர், எவரைக் கேட்கவில்லை என்பதிலே ஒரு நாட்டின் சமுதாய வரலாறே அடங்கியிருக்கிறது. அதைத் திரும்பிப் பார்ப்போம்.

கேள்வியே இல்லாத காலம்

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரிலே மருது சகோதரர்கள் தூக்கிலே தொங்கினர். அந்தக் குருதி உலருமுன்பே, 1801 டிசம்பர் முதல் நாள், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்தம் கோட்டைகள் தரைமட்டம், ஆயுதங்கள் பறிமுதல், மறைத்து வைப்போருக்கு மரணம். விண்ணப்பம் கிடையாது, விசாரணை கிடையாது, வினாவும் கிடையாது. "கொடு!" என்றனர், கொடுக்காதவனைக் கொன்றனர்.

தஞ்சையிலே அத்தனை இரத்தம் சிந்த வேண்டியிருக்கவில்லை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே இரண்டாம் சரபோசி நாட்டைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டைக்குள்ளே ஏடுகளோடு அமர்ந்தார். 1855இல் அவர் மகன் சிவாசி ஆண் வாரிசின்றி மறைந்ததும் அரசு என்ற பெயரும் அழிந்தது. அரண்மனை ஆயுதசாலையின் வாள்களும் வேல்களும் சிதறின. அவற்றிலே ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குப் போய்ச் சேர்ந்தது. காவிரி நாட்டின் ஆயுதம் காட்சிப் பொருளாயிற்று!

நிறத்தைக் கேட்ட சட்டம்

1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சி வெள்ளையனுக்கு ஓர் அச்சத்தை விட்டுச் சென்றது. அந்த அச்சம் 1878ஆம் ஆண்டில், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டமாக வடிவெடுத்தது. அதே 1878ஆம் ஆண்டில்தான் தாய்மொழி ஏடுகளின் வாய்க்குப் பூட்டுப் போட்ட சட்டமும் பிறந்தது என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு பூட்டு: கைக்கு ஒன்று, கருத்துக்கு ஒன்று. ஆதிக்கம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய வேறு சான்று வேண்டுமா?

அந்த ஆயுதச் சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள், ஐரோப்பியருக்கு விலக்களித்தன. வெள்ளைத் தோலே அவனுக்கு உரிமம். இந்த மண்ணின் மகன் மட்டும் மனுப்போட்டு, கைகட்டி நின்று, 'எதற்கு உனக்கு?' என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டும். 1887இல் சென்னையிலே கூடிய காங்கிரசு மாநாடு இச்சட்டத்தின்மீது குறைகூறித் தீர்மானம் போட்டது. 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்திலே, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகவே எழுதப்பட்டது.

இதற்கிடையே 1920இல் விதிகள் மாறின. இனப் பாகுபாடு நீக்கப்பட்டது. நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால், நிறம் இறங்கிய நாற்காலியிலே யார் ஏறி அமர்ந்தது? பட்டம் ஏறிற்று, பதவி ஏறிற்று, நிலவுடைமை ஏறிற்று. வெள்ளையனுக்கு இருந்த சலுகை ராவ்பகதூருக்கும் ஜமீன்தாருக்கும் பெருநிலக்காரருக்கும் கிட்டிற்று. 'நீ என்ன நிறம்?' என்பது மறைந்தது; 'உனக்கு எத்தனை வேலி?' என்பது முளைத்தது.

வேலிக் கணக்கும் வேட்டுக் கணக்கும்

தஞ்சைத் தரணியில் வேலிக் கணக்கு என்றால் என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான வேலிக்கு ஒரு மிராசுதார். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு காணி நிலமும் இல்லை. பண்ணையாளின் முதுகுக்குச் சவுக்கடி, வாய்க்குச் சாணிப்பால். அந்தக் கொடுமையை ஒழிக்க 1944இல் மன்னார்குடியிலே ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டதென்றால், அதற்கு முந்திய நிலையை எண்ணிப் பாருங்கள். 1952இல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

மிராசுதாரின் கூடத்திலே மான்கொம்புக்குக் கீழே துப்பாக்கி தொங்கும். காட்டு விலங்கில்லாத வயல்நாட்டிலே எந்தப் புலியைச் சுட அது? ஆண்டுக்கொரு நாள் அதை இறக்கி, எண்ணெய் போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, ஆயுத பூசை! ஏரும் அரிவாளும் அதே நாளிலே பூசை பெறும்; ஆனால் ஏர் பிடித்தவன் வாசலுக்கு வெளியே நிற்பான். கருவிக்குப் பூசை, கருவியைக் கையாள்பவனுக்குத் தீண்டாமை! இரும்புக்குத் தெய்வத்தன்மை ஏற்றி, மனிதனை இழிதன்மைக்கு இறக்கிய மடமையை என்னென்பது! துப்பாக்கிக்குக் குங்குமமிட்டால் அதன் குண்டு புண்ணியமாகிவிடுமா?

1968 டிசம்பர் 25ஆம் நாள் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. திருவாரூருக்குக் கிழக்கே, கீழ்வெண்மணி. கூலியிலே அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் உழைப்பாளிகள். செங்கொடிச் சங்கத்திலே சேர்ந்தார்கள். மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்திலே சேர மறுத்தார்கள். அன்றிரவு துப்பாக்கிகளோடும் தீவட்டிகளோடும் ஒரு கும்பல் சேரியைச் சூழ்ந்தது. சுட்டார்கள். வேட்டுக்கு அஞ்சி ஓடிய பெண்களும் குழந்தைகளும் முதியோரும் இராமையாவின் சிறு குடிசைக்குள் ஒதுங்கினர். கதவு அடைபட்டது, கூரை பற்றியெரிந்தது, 44 உயிர்கள் கரிக்கட்டையாயின.

அப்போது கோட்டையிலே முதலமைச்சர் பொறுப்பிலே இருந்தவர் நம் அண்ணா. அதை நாம் மறைக்கமாட்டோம். மறைப்பது பகுத்தறிவாளர் பண்புமன்று. ஏழையின் சிரிப்பிலே இறைவனைக் காண்போம் என்று மேடைதோறும் முழங்கிய இயக்கத்தின் ஆட்சியிலே, ஏழையின் குடிசை எரிந்தது. கணபதியாபிள்ளை விசாரணைக் குழுவும், 1969ஆம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் பின்னர் வந்தன. வந்தது நன்று, வருமுன் காத்திருந்தால் அதனினும் நன்று.

வழக்கு நடந்தது. 1970இல் அமர்வு நீதிமன்றம் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டோர் பெருநிலமும் காரும் உடைய செல்வர்கள்; அத்தகையோர் தாமே நடந்து சென்று தீவைத்திருப்பர் என நம்புவதற்கில்லை என்ற கருத்துப்பட அந்தத் தீர்ப்பு பேசிற்று.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். எம் நண்பரின் தாளிலே இருந்த கடைசிக் கேள்வியை நினையுங்கள். 'உம் சொத்து என்ன?' சொத்து இருந்தால் துப்பாக்கி கிடைக்கும். சொத்து இருந்தால் அந்தத் துப்பாக்கியைத் தூக்கினான் என்றாலும் நம்பப்படமாட்டாது! வாசலிலே நுழைவுச்சீட்டும் சொத்து. வெளியேறும் வழியும் சொத்து! வெண்மணிக்கு வந்த துப்பாக்கிகளின் சொந்தக்காரர்களிடம் 'எதற்கு?' என்ற கேள்வியை எந்த அதிகாரி, எந்த நாளிலே, எத்தனை அழுத்தத்தோடு கேட்டிருப்பார்? கேட்கப்படாத கேள்வியின் விலை 44 உயிர்.

கடலுக்கு அப்பால்

கூத்தாநல்லூரார் கடைவைத்த அதே மலேயாவிலே, தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையிலே பிறந்த எஸ். ஏ. கணபதி என்னும் தமிழர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தார். 1948 சூனில் அங்கே அவசரநிலை பிறந்தது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி பிறந்தது. 1949 மார்ச்சிலே ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு ரவைகளோடும் கணபதி பிடிபட்டார். கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே சென்றேன் என்றார். சில நாட்களுக்குள் தீர்ப்பு. இந்திய அரசு குறுக்கிட்டுப் பார்த்தது. பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூரிலே தூக்கிலிட்டனர். அவர் கையிலே இருந்தது ஆறு ரவைதான். ஆட்சி அஞ்சியதோ அவர் பின்னே இருந்த இலட்சம் தோட்டத் தொழிலாளர்க்கு!

அதே காலத்திலே சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர் ஜோகூரிலே பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு. ரவை வைத்திருந்ததாக இன்னொன்று. ரவைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். துப்பாக்கிக் குற்றத்தை மறுபடி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அங்கே கூறப்பட்ட நீதி இது: விடுதலை என்று ஒருமுறை தீர்ப்பளித்துவிட்டால், அது இறுதி, அந்தப் பொருளிலே அவன் குற்றமற்றவன் என்பதை அரசு பின்னர் மறுக்கவியலாது. ரவையையும் துப்பாக்கியையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக அரசு காட்டிய வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய்யென்று தீர்ந்தபின், மறு பாதியை மட்டும் மெய்யென்று காட்டித் தூக்குக் கயிறு திரிக்கலாகாது. சாம்பசிவம் உயிர் பிழைத்தார். ஒருவரைத் தூக்கு கொண்டது. ஒருவரைச் சட்டத்தின் நுணுக்கம் மீட்டது. தாளிலே உள்ள ஒரு வரிக்கு எத்தனை வலிமை உண்டு என்பதை எம் நண்பரைப் போன்றோர் உணர இந்த ஒரு வழக்கு போதும்.

அமெரிக்க நாட்டையும் பாருங்கள். ஆயுதம் ஏந்தும் உரிமையை 1791இலேயே அரசியல் சட்டத்தில் பொறித்த நாடு அது. அடிமைத்தளை அறுந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர், உள்ளூர் அதிகாரக் குழுவின் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று சட்டம் செய்தது. நூறாண்டு உருண்டோடியும் மனம் மாறவில்லை. 1956 சனவரியிலே மாண்ட்காமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மீது குண்டு வீசினர். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். கிங் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுச் செய்தார். மறுத்துவிட்டனர்! குண்டு வீசப்பட்ட வீட்டுக்காரரைவிட, உயிருக்கு ஆபத்து என்று சொல்ல உரிமையுடையவர் யார்? கிங் பின்னர் ஆயுதத்தை அறவே விட்டார்; அறவழியிலே நடந்தார்; வென்றார். அது அவர் பெருமை. மறுத்தவர்களின் சிறுமை அதனால் குறைந்துவிடாது.

சட்டம் சொல்வது என்ன?

1948 டிசம்பரில் நம் அரசியல் நிர்ணய சபையிலே, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமையாக்கவேண்டும் என்று எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. உரிமை எனப் பொறித்துவிட்டால் கொள்ளைக்காரனும் அதைக் கோருவான். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவிலே, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையே இடம்பெற்றது. நாம் அதை வரவேற்கிறோம். துப்பாக்கி உரிமையைவிடக் கூட்டம் கூடும் உரிமை பெரிது. நம் இயக்கம் வளர்ந்தது வேட்டுச் சத்தத்திலன்று, கைதட்டல் ஒலியிலே!

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவை எம் நண்பருக்குப் படித்துக் காட்டினோம். போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவருக்கும் உரிமம் மறுக்கலாகாது. அவர் முகம் மலர்ந்தது. வெள்ளையன் விட்டுச் சென்ற வேலிக் கணக்கை ஒரே வரியிலே வெட்டிய உட்பிரிவு அது! அடுத்த உட்பிரிவு சொல்கிறது: மறுத்தால் காரணத்தை எழுத்திலே பதியவேண்டும், கேட்டால் தரவேண்டும், பொதுநலன் கருதி மட்டுமே மறைக்கலாம். 18ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி திறக்கிறது. காவல்துறையின் அறிக்கைக்கும் 2016ஆம் ஆண்டு விதிகள் முப்பது நாள் கெடு வைக்கின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது.

வெண்மணிக்குப் பிந்திய நாட்டின் மனச்சான்று வேறோரிடத்திலும் பேசிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அவற்றின் 3ஆம் விதி என்ன கூறுகிறது? வன்கொடுமை நிகழும் எனக் கண்டறியப்பட்ட பகுதிகளிலே, அம்மக்கள் அல்லாதாரின் ஆயுத உரிமங்களை இரத்துச் செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்கவேண்டும். தேவையெனக் கருதினால், அம்மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் காப்பாக அவர்களுக்கே உரிமம் வழங்கலாம்! இருநூறாண்டு வரலாறு தலைகீழாகத் திரும்பிய இடம் அது. நிறத்தைக் கேட்ட சட்டம், நிலத்தைக் கேட்ட சட்டம், இறுதியிலே 'அடிபடுபவன் யார்?' என்று கேட்கத் தொடங்கியது. ஏட்டிலே உள்ள இந்த விதி நாட்டிலே எத்தனை முறை நடமாடிற்று என்று கேட்பது இளைஞர்தம் கடமை.

நாம் எழுதிய விடை

எம் நண்பரோடு அமர்ந்து அந்தத் தாளுக்கு விடை எழுதினோம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மிகைப்படுத்துவதற்கும் ஒன்றுமில்லை. தேவை: வங்கிக் காவல் பணி. வழக்கு: இல்லை. முன் விண்ணப்பம்: இல்லை. பாதுகாப்பு: பூட்டுடைய இரும்புப் பெட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடம். இராணுவத்திலே நன்னடத்தையோடு விடுவிக்கப்பட்டதற்கான சான்று: இணைப்பு. சொத்து: தொகுப்பு வீடு ஒன்று, அதன்கீழே, 14ஆம் பிரிவு 2ஆம் உட்பிரிவைப் பணிவோடு நினைவூட்டுவதாக ஒரு வரி. மனுவின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டுடன் பதிவஞ்சலிலே அனுப்பினோம்.

"இந்த ஒரு வரி அவர்களுக்குக் கோபம் மூட்டாதா, அண்ணே?" என்றார்.

"சட்டத்தைச் சுட்டிக்காட்டினால் கோபப்படுபவருக்குச் சட்டம் தெரியவேண்டியது இன்னும் அவசியம், தம்பி" என்றோம்.

இளைஞர்களே! கேள்வி கேட்கிறார்களே என்று குறைகூற நாம் இதை எழுதவில்லை. துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று, வீட்டுப் பெருமையன்று, பூசைப் பொருளுமன்று. அதைக் கேட்பவனை அரசு ஆயிரம் கேள்வி கேட்கட்டும். கேள்வியை வெறுப்பவர்களல்லர் நாம். 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்த ஈரோட்டுப் பள்ளியிலே பயின்றவர்கள் நாம்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. குடிசைக்காரனைக் கேட்கும் கேள்வியை மாளிகைக்காரனையும் கேளுங்கள். 'உனக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்பதை விடுத்து, 'நீ என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். 1968இல் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தவர்களின் மறதிக்கு, கீழ்வெண்மணியிலே 44 பேரின் பெயர் தாங்கிய நினைவிடம் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது.

தாள் போயிருக்கிறது. விடை வரட்டும். மறுப்பு வந்தால், காரணத்தை எழுத்திலே கேட்போம். இம்முறை கேள்வி கேட்பது நம் முறை!